இயற்கை மருத்துவரை முதன்முறை காணச் செல்வோருக்கு

பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் கரும்பு பயிரிடும் அறுபது வயது உழவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எட்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் மாத்திரை உட்கொள்கிறார். சில மாதங்களாக முழங்காலிலும் இடுப்பிலும் வலி; மலச்சிக்கலும் உண்டு. இயற்கை மருத்துவரைப் பார்த்தால் நலம் பெறலாம் என்று உறவினர் ஒருவர் கூற, மறுநாள் காலை புறப்பட முடிவு செய்கிறார். உடன் செல்லவிருக்கும் மகள், மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் பையில் எடுத்து வைக்கிறாள். அதைக் கண்ட அவர், "அதெல்லாம் எதற்கம்மா? அங்கேதான் மருந்தே கிடையாதே!" என்கிறார்.

அவர் கூறியது உண்மைதான். இயற்கை மருத்துவம் மருந்தில்லா மருத்துவம். ஆயினும், அந்த மாத்திரைகளை வீட்டில் விட்டுச் சென்றால் அவருக்கு இடர் நேரக்கூடும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதன்முறை செல்லும் நோயாளியும் உடன் செல்லும் குடும்பத்தாரும் இதனைச் சேர்ந்து படிப்பது நன்று.

இயற்கை மருத்துவம் என்பது யாது?

நம் பகுதியில் சித்த மருத்துவம், நாட்டு மருத்துவம், பாட்டி வைத்தியம் ஆகிய அனைத்தையும் 'இயற்கை வைத்தியம்' என்றே பலர் அழைக்கின்றனர். ஆனால் இவை வேறு வேறு. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சூரணம், இலேகியம், பற்பம் முதலிய மருந்துகள் உண்டு. இயற்கை மருத்துவத்தில் உள்மருந்து இல்லை. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்னும் ஐம்பூதங்களைக் கருவியாகக் கொண்டது அது. மண் பட்டி, நீர்ச் சிகிச்சை, சூரியக் குளியல், மூச்சுப் பயிற்சி, உண்ணாநோன்பு, உணவு முறை, உடல் பிடித்து விடுதல், யோகாசனம் ஆகியவை அதன் வழிகள். ஆகவே 'இயற்கை மருத்துவர்' என்று கூறிக்கொள்ளும் ஒருவர் பெயர்ச்சீட்டு இல்லாத பொடியையோ உருண்டையையோ கொடுத்தால், அது என்ன, யார் தயாரித்தது என்று வினவாமல் உட்கொள்ள வேண்டாம். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு.

இம்முறையின் இன்றைய வடிவத்திற்கு வித்திட்டவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த லூயி கூனே குறிப்பிடத்தக்கவர். அவர் பரப்பிய இடுப்புக் குளியலைக் காந்தியடிகள் தம்மிடமும் தம் குடும்பத்தாரிடமும் கையாண்டார். 1946-இல் புனேவுக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சனில் ஏழை மக்களுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமம் ஒன்றையும் தொடங்கினார். ஆண்டுதோறும் நவம்பர் 18-ஆம் நாளை இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுவதும் அவர் நினைவாகவே.

அதே காந்தியடிகள் 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்தபோது குடல்வால் அழற்சிக்கு ஆளானார். புனே சசூன் மருத்துவமனையில், ஆங்கிலேய அறுவை மருத்துவரான கர்னல் மேடாக்கின் கையால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இயற்கை மருத்துவத்தை அவரினும் மிகுதியாக நம்பியவர் அரியர். கத்தி வேண்டிய இடத்தில் அவரும் கத்தியை மறுக்கவில்லை. நாமும் இந்த அளவறிவோடு செல்ல வேண்டும்.

மருத்துவர் யார் என்பதை அறிதல்

இந்தியாவில் இயற்கை மருத்துவத்திற்குரிய பட்டம் பி.என்.ஒய்.எஸ். இயற்கை மருத்துவம் மற்றும் யோக அறிவியல் இளநிலைப் பட்டம் என்பது அதன் பொருள். ஓராண்டு பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் ஆகியவற்றையும் அப்படிப்பில் கற்கின்றனர். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசுக் கல்லூரி உள்ளது. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் 'யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு' இயங்குகிறது. புறநோயாளிச் சீட்டு வழங்கும் இடத்தில் கேட்டால் அப்பிரிவு உள்ள அறையையும் நாளையும் கூறுவர்.

தனியார் நிலையத்திற்குச் செல்வதாயின், "தங்கள் பட்டம் என்ன? பதிவு எண் உண்டா?" என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை. தகுதியுள்ள மருத்துவர் அதனால் மனம் வருந்தமாட்டார். சில வாரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் மாட்டி வைத்திருப்பவருக்கும் பட்டம் பெற்ற மருத்துவருக்கும் உள்ள வேறுபாடு, இடர் நேரும் வேளையில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

புறப்படுமுன் ஆயத்தம்

பின்வருவனவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்க.

1. தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும், அட்டையோடு. அரசு மருத்துவமனை மாத்திரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கு வரும் மாத்திரை, மருந்துக் கடையில் நேரே வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்து, உறவினர் கொடுத்த பொடி என எதையும் விடலாகாது. இன்சுலின் போடுவோர் அதன் பெயரையும் அளவையும் எழுதிக்கொள்க.

2. கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகள். சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவை தவறாமல் இருத்தல் வேண்டும்.

3. மூன்று நாள் உணவுக் குறிப்பு. எந்த வேளையில் என்ன, எவ்வளவு உண்டீர்கள் என்பதை உள்ளபடி எழுதுக. தேநீர், பலகாரம், வெற்றிலை பாக்கு ஆகியவையும் இதில் அடங்கும்.

4. பல ஆண்டுகளாகக் குடித்துவரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். இதன் தேவையைப் பின்னர்க் காண்போம்.

5. உடன் வர ஒருவர். மருத்துவர் கூறுவதில் பாதியை நோயாளி மறந்துவிடக்கூடும்; மற்றொருவர் குறித்துக்கொண்டால் இழப்பு இல்லை.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். இயற்கைச் சிகிச்சைகள் பலவற்றை வெறும் வயிற்றில் செய்வது வழக்கம். இதைக் கேள்விப்பட்டு, காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, உண்ணாமல் பேருந்து ஏறுவோர் உண்டு. இது மிகவும் தவறு. முதல் வருகை பெரும்பாலும் கலந்தாய்வாகவே அமையும். சிகிச்சை பின்னரே தொடங்கும். ஆதலால் வழக்கமான உணவை வழக்கமான வேளையில் உண்டு செல்க. வெறும் வயிற்றில் வருமாறு மருத்துவர் முன்னரே கூறியிருந்தால், "காலை மாத்திரையை என்ன செய்வது?" என்று கேட்டுத் தெளிந்த பின்னரே புறப்படுக.

மருத்துவர் அறையில்

பிற வெளிநோயாளர் பிரிவுகளைவிட இங்கே உரையாடல் நீளும். பசி, தாகம், உறக்கம், மலம், சிறுநீர், வியர்வை, உழைப்பு, மனக்கவலை, குடும்பச் சூழல் என ஒவ்வொன்றாக மருத்துவர் வினவுவார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பார்ப்பார். வயிற்றையும் மூட்டுகளையும் தொட்டு ஆராய்வார்.

மது, புகையிலை ஆகிய பழக்கங்களை மறைக்க வேண்டாம். பிள்ளைகள் முன்னிலையில் கூறக் கூச்சமாயிருந்தால், "சற்றே தனியாகப் பேச வேண்டும்" என்று மருத்துவரிடம் கூறலாம். பெண்கள் கருவுற்றிருப்பதையும், அதற்கான வாய்ப்பு இருப்பதையும் முதலிலேயே தெரிவித்தல் இன்றியமையாதது. முன்பு செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, இதயத்தில் வைத்த ஸ்டென்ட், குடலிறக்கம், வலிப்பு ஆகியவற்றையும் கூறுக.

நம் உழவரிடம் திரும்புவோம். அவர் தம் முழங்கால் வலியையும் மலச்சிக்கலையும் மட்டும் கூறினார். சில நாள் சாற்றுணவு கொடுக்கலாமா என்று மருத்துவர் எண்ணிக்கொண்டிருந்தபோது, மகள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்த கிளிமெபிரைடு மாத்திரையை இன்றும் போட்டீர்களா, ஐயா?"

"போட்டேன் அம்மா. அது சர்க்கரைக்கு. நான் வந்தது மூட்டு வலிக்காக."

கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. நாம் உண்டோமா, உண்ணவில்லையா என்பதை அது அறியாது. அதை விழுங்கிவிட்டு நோன்பிருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழ்ந்துவிடும். மகள் அந்த அட்டைகளை எடுத்து வராதிருந்தால், தந்தை மறுநாளே வரப்பிலோ வழியிலோ மயங்கி விழுந்திருக்கக்கூடும். மருத்துவர் நோன்பைக் கைவிட்டார். வயிற்றுக்கு மண் பட்டி, எளிய ஆசனங்கள், உணவில் சில மாற்றங்கள் ஆகியவற்றை மட்டும் பரிந்துரைத்தார். சர்க்கரைக்கு மருந்தெழுதும் மருத்துவருக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தார்.

சிகிச்சைகளும் எச்சரிக்கை வேண்டியோரும்

மண் பட்டி: மேல் மண்ணை நீக்கி, மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்த தூய மண்ணை உலர்த்திச் சலித்து, நீரில் ஊறவைத்து, துணியில் பரப்பி வயிற்றிலோ கண்களின் மேலோ வைப்பர். பொதுவாக 20 முதல் 30 நிமிடம் வரை வைத்திருப்பர். புண், வெட்டுக்காயம் உள்ள இடத்தில் மண் படலாகாது. உரமும் பூச்சிமருந்தும் தெளித்த வயல் மண்ணை வீட்டில் பயன்படுத்தவும் கூடாது.

வெந்நீர்ப் பாதக் குளியல்: நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனோர் சூட்டை உணரமாட்டார்கள். கொப்புளம் எழுந்த பின்னரே அறிவர். அது ஆறாப் புண்ணாகி விரலை இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லும். நீரின் சூட்டை உடனிருப்பவர் தம் முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே நோயாளி காலை வைக்க வேண்டும். பாதம் மரத்திருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறினால் அவர் இச்சிகிச்சையைத் தவிர்த்துவிடக்கூடும்.

நீராவிக் குளியல்: இதய நோயாளிகள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் தவிர்க்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி: மெதுவாக மூச்சை இழுத்து விடுவது பெரும்பாலோர்க்கு ஏற்றது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற விரைவான பயிற்சிகள் உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளோருக்கும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும், கருவுற்றோருக்கும் ஏற்றவையல்ல.

நோன்பும் சாற்றுணவும்: இன்சுலின் போடுவோர், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, டாபாகிளிஃப்ளோசின் முதலிய மாத்திரைகள் உட்கொள்வோர் ஆகியோர் தம் சர்க்கரை மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையும் நோன்பிருக்கலாகாது. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இளநீரும் பழச்சாறும் தீங்காகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாதபோது, அது இரத்தத்தில் மிகுந்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வார்ஃபரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோர், கீரையைத் திடீரெனக் கூட்டவும் வேண்டாம், அடியோடு விடவும் வேண்டாம்.

உணவைப் பற்றிய மூன்று மயக்கங்கள்

முதலாவது, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றவை என்னும் எண்ணம். நம் பகுதியில் கரும்பு விளைவதால் வெல்லம் எளிதில் கிடைக்கிறது. வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்.

இரண்டாவது, கேழ்வரகும் சாமையும் எவ்வளவு உண்டாலும் கேடில்லை என்னும் எண்ணம். தீட்டிய அரிசியைவிட அவற்றில் நார்ச்சத்து மிகுதி; கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் அவையும் மாவுச்சத்துள்ள தானியங்களே. இரண்டு பெரிய களி உருண்டை உண்பவர் ஒன்றாகக் குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் காயாலும் பருப்பாலும் நிரப்பினால் பயன் கிட்டும்.

மூன்றாவது, இந்துப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தாது என்னும் எண்ணம். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. உப்பின் வகையை மாற்றுவதால் பயனில்லை. அளவைக் குறைக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தார் கூற வேண்டிய தண்ணீர்ச் செய்தி

இயற்கை மருத்துவர்கள் தண்ணீரை மிகுதியாகப் பருகச் சொல்வது வழக்கம். நம் மாவட்டத்தில் 'எந்தத் தண்ணீர்' என்ற வினாவும் அதனோடு எழ வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் பருகினால் பற்களில் பழுப்புக் கறை படியும். பின்னர் எலும்பும் மூட்டும் இறுகி, கழுத்தையும் முதுகையும் வளைக்க இயலாமல் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டதும் இத்துன்பத்தைக் குறைக்கவே.

எனவே மூட்டு வலிக்காகச் செல்வோர், "இத்தனை ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தேன்" என்று கூறுதல் வேண்டும். வலிக்குக் காரணம் மூட்டுத் தேய்மானமா, ஃபுளூரைடா, வேறு நோயா என்பதை மருத்துவர் ஆராய அது உதவும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்று நீரைத் தனியே பிடித்து வைத்துக்கொள்க; கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்துக.

"இனி மாத்திரையை நிறுத்தலாமா?"

முதல் வருகையிலேயே பலர் கேட்க விரும்பும் வினா இது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கிச் சலித்தோரின் ஏக்கம் இதில் இருக்கிறது. அதனை இகழ்வதற்கில்லை. மாத்திரையைக் குறைக்கும் வழி சிலருக்கு உண்மையாகவே உண்டு.

பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான 'டைரெக்ட்' என்னும் ஆய்வு இதற்குச் சான்று. நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத சர்க்கரை நோயாளிகளுக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே உள்ள உணவு சில மாதங்கள் அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேர் மாத்திரையின்றியே நோயின் எல்லைக்குக் கீழே இருந்தனர். உணவாலும் எடைக் குறைப்பாலும் எவ்வளவு இயலும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அங்கே மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழு. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து அளந்து வந்ததும் அக்குழுவே. நோயாளி தாமாக நிறுத்தவில்லை.

ஆகவே விதி இதுதான்: எந்த மருத்துவர் மாத்திரையைத் தொடங்கினாரோ, அவரைக் கலந்துகொள்ளாமல் அதனை நிறுத்தவும் குறைக்கவும் கூடாது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, இதய மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு ஆகியவற்றிற்கு இவ்விதி மிகவும் கண்டிப்பானது. இன்சுலின் சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். "எல்லா மாத்திரையையும் இன்றே தூக்கி எறியுங்கள்" என்று எவரேனும் கூறினால், அவர் எந்தப் பட்டம் பெற்றவராயினும், அவ்விடத்தைவிட்டு எழுந்து வருவதே அறிவுடைமை.

வீடு திரும்பிய பின்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வருக: செய்த சிகிச்சை, உண்ட உணவு, எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், வலியின் அளவு. அடுத்த வருகையில் இந்நூல் உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

நோய் நீங்குமுன் சிறிது மிகும், அது நன்மைக்கே என்று இயற்கை மருத்துவத்தில் கூறுவது உண்டு. இலேசான தலைவலியும் சோர்வும் ஓரிரு நாளில் நீங்கலாம். ஆனால் கூடிக்கொண்டே செல்லும் எந்தத் துன்பத்தையும் நன்மையின் அறிகுறி என்று கருதிப் பொறுத்திருக்க வேண்டாம். மருத்துவரை உடனே அழைக்கவும்.

உடல் நடுக்கம், மிகுந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் திடீரெனத் தளர்தல், வாய் கோணல், இரத்த வாந்தி, பாதப் புண் கறுத்தல், பாம்புக் கடி ஆகியவற்றிற்கு இயற்கை மருத்துவரை நாட வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைக.

உங்களை நீங்களே வினவிக்கொள்க

1. நான் உட்கொள்ளும் அனைத்து மாத்திரைகளையும் எடுத்து வைத்துவிட்டேனா?
2. அவற்றுள் வெறும் வயிற்றில் தீங்கு விளைவிப்பது எது என்று கேட்டறிந்தேனா?
3. என் சிறுநீரக நிலையை மருத்துவரிடம் கூறினேனா?
4. என் பாதம் சூட்டை உணர்கிறதா?
5. நான் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
6. நான் காணும் இரு மருத்துவர்களும் ஒருவர் செய்வதை மற்றவர் அறிவார்களா?

இந்த ஆறு வினாக்களுக்கும் விடை எழுதி, மாத்திரைப் பையோடு சேர்த்து எடுத்துச் செல்க. மருந்தில்லா மருத்துவரிடம் செல்லும்போதும் மருந்துப் பை உடன் செல்லட்டும்.